மாலைப் பள்ளியில் கணினி மாற்றமும் குறுக்கு விசைகளும்



வெள்ளி விழா மேடையில் சங்கத்தின் வரலாற்றைப் பேசுவதே மரபு. அவ்வரலாற்றை நமக்கு முன் பேசிய பெரியோர் விரிவாகவே எடுத்துரைத்துவிட்டனர். நமக்குத் தரப்பட்ட பொருளோ மிகச் சிறியது. நம் மாலைப் பள்ளிக் கணினிகளின் இயங்குதளத்தை மாற்றிய பின்னர், கோப்புறைகளுக்குள் விசைப்பலகை வழியே சென்று வருவதை மாணவர்க்கு மீண்டும் எவ்வாறு கற்பித்தோம் என்பதே அப்பொருள். "வெள்ளி விழாவில் பேச இதுதானா கிடைத்தது?" என்று ஒரு பெரியவர் நேற்றே நம்மிடம் கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆயினும் சென்ற ஓராண்டில் நம் பள்ளியில் நாம் அடைந்த பெருந்தோல்வியும் அதிலிருந்து மீண்ட விதமும் இச்சிறு பொருளுக்குள்தான் அடங்கியிருக்கின்றன. ஆகவே சற்றுப் பொறுமையுடன் செவிசாய்க்குமாறு வேண்டுகின்றோம்.

மாற்றம் ஏன் நேர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிடுவோம். நம் பள்ளியிலுள்ள ஆறு கணினிகளும் பிறர் பயன்படுத்திக் கழித்தவை. அவற்றில் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளம் இருந்தது. அதற்குரிய பொதுவான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் நிறுத்திக்கொண்டது. அடுத்ததாகிய விண்டோஸ் 11 வேண்டுமெனில் கணினியில் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இருத்தல் வேண்டும். செயலியும் ஏறத்தாழ 2018க்குப் பின் வந்த தலைமுறையைச் சேர்ந்ததாக இருத்தல் வேண்டும். நம் கணினிகள் அவ்வரிசையில் நிற்கவில்லை. எந்தப் பழுதும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த பொறிகள் ஒரு நிறுவனத்தின் அறிவிப்பினால் ஒரே நாளில் கிழடாயின. புதிய கணினி ஆறு வாங்கச் சங்கத்திடம் பொருள் இல்லை. எனவே விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் என்னும் இயங்குதளத்தை இரண்டு சனிக்கிழமைகளில் நிறுவி முடித்தோம்.

பொறிகள் பிழைத்துக்கொண்டன. தடுமாறியவர்கள் மாணவர்கள், அவர்களைவிட அதிகம் தடுமாறியவர்கள் கற்பித்த நாம்.

நம் பள்ளியில் கணினியை விசைப்பலகை வழியே கற்பிக்கும் வழக்கம் கொள்கையினால் வந்ததன்று, இல்லாமையினால் வந்தது. பழைய கணினிகளில் முதலில் உயிர்விடுவது மவுஸ் என்னும் சுட்டியே. ஆறு கணினிகளுக்கு மூன்று சுட்டிகள், பின்னர் இரண்டு என்று குறைந்துகொண்டே வந்த காலத்தில், "சுட்டி இல்லாவிட்டால் என்ன, விசைகள் இருக்கின்றனவே" என்று தொடங்கினோம். தொடங்கிய பின்னரே அதன் அருமை தெரிந்தது. சுட்டியைத் தேடி, அம்புக்குறியை நகர்த்தி, இருமுறை சொடுக்கி நிற்பவன் ஒரு கோப்பைத் திறப்பதற்குள், விசை பழகிய பெண் பிள்ளைகள் மூன்று கோப்புகளைத் திறந்து மூடிவிடுவார்கள்.

இதில் வியப்பு ஒன்றும் இல்லை. விரல்களின் கல்வி நம் மக்களுக்குப் புதிதன்று. இங்கு அமர்ந்திருக்கும் மூத்தோருள் அரசுப் பணிக்குச் சென்றவர் பலர் தட்டச்சு நிலையத்தின் படியேறிச் சென்றவர்களே. "ஏ, எஸ், டி, எஃப்" என்று இடக்கையின் நான்கு விரல்களையும் நான்கு விசைகளின்மீது அமர்த்திய அந்த முதல் பாடத்தை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இளநிலைத் தேர்விலும் முதுநிலைத் தேர்விலும் விரல்களின் விரைவே கணக்கு. யாருடைய விரல் என்ற கேள்வி அத்தாளில் இல்லை. தட்டச்சர் பணிக்கு அச்சான்றிதழ் தேவையான தகுதிகளுள் ஒன்றாக இருந்தமையால், நிலமும் இல்லாத, பரிந்துரைப்பாரும் இல்லாத குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் மேசைக்குமுன் அமர முடிந்தது.

இதன் மதிப்பை உணரச் சற்றே பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும். 1985ஆம் ஆண்டுவரை நம் பகுதி இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. அம்மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கம் செலுத்தியோர் தாழ்த்தப்பட்ட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர்; அவற்றைத் தொடர்ந்து 1931இல் பதினொரு தடைகளை விதித்தனர். நகை அணியலாகாது, குடை பிடிக்கலாகாது என்பனவற்றோடு, பிள்ளைகள் எழுத்தறிவு பெறலாகாது, நிலவுடைமையாளரின் மாடு மேய்ப்பதே அவர்கள் தொழிலாக இருத்தல் வேண்டும் என்பதும் அத்தடைகளுள் இருந்தது. ஹட்டன் என்னும் ஆங்கில அறிஞர் சாதி பற்றிய தம் நூலில் இவற்றைப் பதிந்து வைத்திருக்கிறார். இன்னும் நூறாண்டுகூட நிறையவில்லை. அந்தத் தடையைக் கேட்டவர்களின் கொள்ளுப்பேத்திகளே நம் மாலைப் பள்ளியில் விசைப்பலகையின்மீது விரல் ஓட்டுகின்றார்கள். ஆகவே ஒரு விசை மாறியதால் ஒரு பிள்ளை திகைத்து நின்றால் அதை அற்பச் செய்தி என்று நம்மால் ஒதுக்கிவிட முடிவதில்லை.

இனிப் பொருளுக்கு வருவோம்.

கோப்புறை என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க நாம் தொலைவில் எங்கும் உவமை தேடவில்லை. செட்டிநாட்டு வீட்டை அறியாதார் இவ்வவையில் இரார். தெருவாசலில் முகப்பு, அதைக் கடந்தால் வளவு, வளவைச் சுற்றி அறைகள், அப்பால் இரண்டாங்கட்டு, அதற்கும் அப்பால் மூன்றாங்கட்டு, அடுப்படி, இறுதியில் அடுத்த தெருவில் திறக்கும் பின்வாசல். ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று கேட்டால், "வளவில், கிழக்கறையில், மரப்பெட்டியில்" என்று வெளியிலிருந்து உள்ளே அடுக்கிச் சொல்வோம். கணினியில் பாதை என்று சொல்வதும் அதுவே. வீட்டுக்குள் கட்டு, கட்டுக்குள் அறை, அறைக்குள் பெட்டி, பெட்டிக்குள் தாள்.

இந்த உவமையில் நாம் எண்ணியிராத ஒரு பயனும் கிடைத்தது. விசைப்பலகையில் இரண்டு விசைச் சேர்க்கைகள் பிள்ளைகளை எப்போதும் குழப்பும். ஆல்ட் விசையுடன் மேல்நோக்கிய அம்பை அழுத்தினால், இப்போது நிற்கும் கோப்புறையை எது உள்ளடக்கியிருக்கிறதோ அந்தக் கோப்புறைக்குச் செல்வோம். ஆல்ட் விசையுடன் இடப்பக்க அம்பை அழுத்தினால், இதற்குமுன் எங்கே நின்றோமோ அங்கே திரும்புவோம். ஒரு கோப்புறைக்குள் படிப்படியாக நுழைந்தவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வேறுவழியில் நுழைந்தவனுக்குத்தான் வேறுபாடு தெரியும். அவ்வீடுகளுக்குச் சுண்ணாம்பு அரைத்தும் கல் சுமந்தும் நெல் தூக்கியும் உழைத்த நம் பாட்டன்மார் எந்த வாசல் வழியே உள்ளே சென்றார்கள் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. மூன்றாங்கட்டில் நிற்கும் ஒருவரிடம் "வந்த வழியே திரும்பு" என்றால் அவர் பின்தெருவுக்குப் போவார். "ஒரு கட்டு வெளியே போ" என்றால் முகப்பை நோக்கி இரண்டாங்கட்டுக்குப் போவார். அதற்கு அந்நாளில் அவருக்கு உரிமை இல்லை என்பது வேறு செய்தி. இதைச் சொன்ன அன்று வகுப்பில் சிரிப்பு எழுந்தது. பின்னர்ச் சற்று அமைதியும் நிலவியது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு பிள்ளையும் அவ்விரு விசைகளையும் மாற்றி அழுத்தவில்லை.

விண்டோஸ் வீட்டுக்கும் லினக்ஸ் வீட்டுக்கும் அமைப்பிலேயே ஒரு வேறுபாடு உண்டு. விண்டோஸில் சி, டி, இ என்று ஒவ்வொரு டிரைவும் தனித்தனி வீடு. ஒவ்வொன்றுக்கும் தனி வாசல். எண்ணிக்கை ஏன் 'சி'யில் தொடங்குகிறது, 'ஏ'யும் 'பி'யும் எங்கே போயின என்று ஓர் எட்டாம் வகுப்பு மாணவன் கேட்டான். அவ்விரண்டும் முற்காலத்து நெகிழ்வட்டுகளுக்குரிய இடங்கள். நெகிழ்வட்டுகள் மறைந்துவிட்டன, அவற்றுக்கு ஒதுக்கிய எழுத்துகள் மட்டும் இன்னும் காலி நாற்காலியாகக் கிடக்கின்றன. லினக்ஸிலோ எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். அதன் பெயர் ஒரு சாய்கோடு, அவ்வளவே. பென்டிரைவைச் செருகினாலும் அது தனி வீடாக நிற்பதில்லை. 'மீடியா' என்னும் கட்டுக்குள் ஓர் அறையாக வந்து ஒட்டிக்கொள்ளும். "டி டிரைவ் எங்கே?" என்பதுதான் மாற்றத்துக்குப் பின் முதல் வாரத்தில் நாம் மிகுதியும் கேட்ட கேள்வி. டி டிரைவில் இருந்தவை எங்கும் போகவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு பக்கப்பட்டியலில் அமர்ந்திருந்தன.

விசைகளைப் பொறுத்தமட்டில் நாம் அஞ்சிய அளவு மாற்றம் இல்லை. கோப்புறைச் சாளரத்தைத் திறக்க விண்டோஸ் விசையும் 'ஈ'யும். பெயர் மாற்ற எஃப்2. புதிய கோப்புறைக்குக் கண்ட்ரோல், ஷிப்ட், 'என்'. பாதையை நேரே தட்டெழுதக் கண்ட்ரோலும் 'எல்'லும். சாளரத்தை மூட ஆல்ட்டும் எஃப்4உம். இவை இரண்டு தளங்களிலும் ஒன்றே. போட்டி நிறுவனங்களும், நிறுவனமே இல்லாத தன்னார்வலர்களும் ஒரே விசையை ஏன் வைத்தார்கள் என்று வியக்கலாம். 1987இல் ஐபிஎம் நிறுவனம், எல்லாச் செயலிகளும் ஒரே முறையில் இயங்க வேண்டும் என்று ஒரு பொது விதித்தொகுப்பை வெளியிட்டது. உதவிக்கு எஃப்1, மூடுவதற்கு ஆல்ட் எஃப்4 போன்றவை அதன் வழி நிலைத்தவை. வெட்டி ஒட்டும் முறையோ அதற்கும் முந்தியது. 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லர் முதலியோர் வகுத்தது. பின்னர் 1983இல் ஆப்பிள் நிறுவனத்தின் லிசா கணினியில் எக்ஸ், சி, வி என்னும் மூன்று விசைகளில் வந்து அமர்ந்தது. ஆக, நம் பிள்ளைகளின் விரல்களில் குடியிருக்கும் பழக்கங்கள் ஒரு தனி நிறுவனத்தின் உடைமை அல்ல.

ஆனால் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பியிருக்கவும் கூடாது. பேக்ஸ்பேஸ் விசையை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் எக்ஸ்பியில் அதை அழுத்தினால் ஒரு கட்டு வெளியே வருவோம். 2007இல் விஸ்டா வந்தபோது அதே விசை வந்த வழியே திரும்பும் விசையாக மாறிவிட்டது. இயங்குதளம் மாறவில்லை, நிறுவனம் மாறவில்லை. விசையின் பொருள் மட்டும் மாறியது. அக்காலத்தில் எக்ஸ்பியில் பழகிய நம் ஆசிரியர் ஒருவர் இன்றளவும் அதை அழுத்திவிட்டு முகம் சுளிக்கிறார். கோடுகளின் கதையும் இத்தகையதே. லினக்ஸின் மூதாதையாகிய யூனிக்ஸ் 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கியது. அதில் பாதையைப் பிரிப்பது முன்சாய்கோடு. 1983இல் எம்எஸ்டாஸ் 2.0 வழியே மைக்ரோசாஃப்ட் கோப்புறைகளைக் கொண்டுவந்தபோது, முன்சாய்கோட்டை ஏற்கெனவே கட்டளைகளின் குறியீடாகப் பயன்படுத்திவிட்டமையால் பின்சாய்கோட்டை எடுத்துக்கொண்டது. அன்றைய ஒரு சிறு வசதிக்காகச் செய்தது, நாற்பதாண்டுகளுக்குப் பின் காரைக்குடியில் ஒரு பிள்ளையின் நோட்டில் பிழையாக வந்து விழுகிறது.

இப்போது அந்தத் தோல்வியைச் சொல்லியாக வேண்டும்.

நாம் மாற்றத்தை முடித்த சில வாரங்களில் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்கு இறுதி நாள் வந்தது. கல்லூரியில் முதலாண்டு படிக்கும் மாணவி ஒருவர், அவர் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், மாலை 6 மணிக்கு நம் பள்ளிக்கு வந்தார். சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றை முந்தின வாரமே நம் கணினியில் ஸ்கேன் செய்து வைத்திருந்தார். மூலச் சான்றுகள் கல்லூரி அலுவலகத்தில் இருந்தன. அந்த நேரத்தில் அவற்றைப் பெற வழியில்லை. தந்தையார் டிவிஎஸ் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுப் படிக்கட்டில் அமர்ந்துகொண்டார்.

சான்றுகளைக் காணவில்லை. 'ஸ்கேன்' என்னும் பெயருடைய கோப்புறை இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. நம்மில் நால்வர் மாறி மாறி அமர்ந்து தேடினோம். ஒவ்வொருவரும் சாளரத்தைத் திறப்பது, பெயரின் முதல் எழுத்துகளை ஆங்கிலத்தில் தட்டுவது, என்டர் அழுத்துவது, வெறுமையைப் பார்ப்பது, வெளியே வருவது என்று அதே வழியில் மின்னல் வேகத்தில் போய் வந்தோம். வேகத்தில் குறைவே இல்லை. குப்பைத்தொட்டியைப் பார்த்தோம். பென்டிரைவுகளைப் பார்த்தோம். மாற்றத்தின்போது அழிந்திருக்கும் என்று ஒருவர் மெல்லச் சொன்னார். மாற்றிய பின்னர்த்தானே ஸ்கேன் செய்தோம் என்று மாணவி திருப்பிச் சொன்னார். மணி 9 ஆயிற்று. அந்தத் தந்தையார் மூன்று மணி நேரமும் ஒரு சொல் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

இறுதியில் கண்டுபிடித்தவன் ஏழாம் வகுப்பு மாணவன். அவனுக்கு விண்டோஸ் பழக்கமே இல்லை. விரைவாகத் தட்டவும் வராது. அம்பு விசையால் ஒவ்வொரு பெயராக இறங்கி, வாய்விட்டு எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே போனவன், "அண்ணே, ஸ்கேன் ரெண்டு கெடக்கே!" என்றான்.

உண்மையில் இரண்டு கிடந்தன. ஒன்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்குவது. மற்றொன்று சிறிய எழுத்தில் தொடங்குவது. விண்டோஸ் இவ்விரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். ஒன்று இருக்கையில் மற்றொன்றை அருகில் வைக்க விடாது. லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர்கள். ஒன்றை நம் ஆசிரியர் ஒருவர் உருவாக்கியிருந்தார். மற்றொன்றில் ஸ்கேனர் செயலி சேமித்து வைத்திருந்தது. பெயரின் முதல் எழுத்துகளைத் தட்டித் தேடும்போது, எழுத்தின் பெருமை சிறுமை பாராமல், முதலில் பொருந்தும் பெயரில் குறி போய் நிற்கும். அடுத்த நொடி விரல் என்டரை அழுத்திவிடும். கண் பார்ப்பதற்குள் கை முடித்துவிடும். நால்வரும் மூன்று மணி நேரம் வெற்றுக் கோப்புறைக்குள் நுழைந்து நுழைந்து மீண்டோம். அடுத்த வரியில் கிடந்ததைப் பார்க்கவில்லை. தவறு கணினியுடையதன்று, நம்முடையதே. விரைவாகச் செல்லக் கற்பித்த நாம், நிற்கும் இடம் எது என்று பார்க்கக் கற்பிக்கவில்லை.

விண்ணப்பம் இரவு 10 மணிக்குப் பின்னரே சென்று சேர்ந்தது. இணையத்தளத்தில் கூட்டம்; இருமுறை பாதியில் நின்றுபோயிற்று. ஒப்புகைச் சீட்டு திரையில் வந்ததும் தந்தையாரை அழைத்துக் காட்டினோம். அவர் திரையைப் பார்க்காமல் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, வண்டியை எடுக்கப் போனார்.

மறுநாள் ஆசிரியர் அனைவரும் அமர்ந்து பாடத்தைத் திருத்தினோம். திருத்தம் பெரிதொன்றும் இல்லை. ஒரு கோப்புறைக்குள் நுழைந்ததும் வேறெதுவும் செய்வதற்குமுன் கண்ட்ரோலையும் 'எல்'லையும் அழுத்தி, மேலே தோன்றும் பாதையை வாசலிலிருந்து உள்ளே வரை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பிறகு எஸ்கேப் விசையால் திரும்பலாம். முதல் வாரத்தில் வகுப்பு முழுவதும் பாதை ஓதும் ஓசை கேட்டது. அருகிலுள்ளோர் பாராயணம் நடக்கிறது என்று எண்ணியிருப்பார்கள். விரைவு குறைந்தது. மூத்த மாணவர் சிலர் முணுமுணுத்தார்கள். குறைந்தால் குறையட்டும் என்று விட்டோம். ஒரு மாதத்தில் விரைவு தானே திரும்பியது. அந்த மாணவியே மற்றொரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். முக்கியமான சான்றுகளின் பாதையைத் தம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கையால் எழுதி வைத்தார். அதைக் கண்டு இப்போது எல்லா மாணவர் நோட்டிலும் அப்பக்கம் உண்டு. எழுதும்போதே பாதை மனத்தில் பதிந்துவிடுகிறது. மறுமுறை இயங்குதளம் மாறினாலும் அப்பக்கம் உதவும்.

கோப்புறைகளுக்குத் தமிழிலேயே பெயரிடுவது என்றும் முடிவு செய்தோம். தமிழ் நெடுங்கணக்கில் ஆங்கிலத்தைப்போல் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பேதம் இல்லை. ஆகவே அந்தக் குழப்பம் தமிழ்ப் பெயரில் எழ வழியே இல்லை. 'சான்றுகள்', அதனுள் '2025', அதனுள் மாணவரின் பதிவெண் என்று மூன்று கட்டு போதும். ஆயினும் ஒரு விலக்கு உண்டு. சில இணையத்தளங்கள் தமிழ்ப் பெயருள்ள கோப்பை ஏற்பதில்லை. ஆதலால் பதிவேற்றும் கோப்புக்கு மட்டும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி விடாமல் பெயர் வைக்கச் சொல்கிறோம். பெயருக்கு முன்னால் புள்ளி வைக்க வேண்டா என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் பெயர் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும். கண்ட்ரோலும் 'எச்'சும் அழுத்தினால்தான் வெளிப்படும். ஒரு மாணவன் அழகுக்காகப் புள்ளி வைத்துவிட்டு அரைநாள் அலைந்தான்.

பெற்றோர் சிலர் ஒரு வினா எழுப்பினார்கள். "வேலைக்குப் போகும் இடத்தில் எல்லாம் விண்டோஸ்தானே இருக்கிறது, இதைப் படித்து என்ன பயன்?" என்பதே அது. இதை நாம் அலட்சியமாகத் தள்ளவில்லை. பெரும்பாலான அலுவலகங்களின் நிலை அதுவே. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸ் வழியே கணினிப் பாடம் நடத்துவதையும், 2007ஆம் ஆண்டையொட்டித் தமிழக அரசின் எல்காட் நிறுவனமே தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியதையும் எடுத்துச் சொன்னோம். 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தொடக்கத்தில் வந்த கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்னும் தளமும் இருந்தது. சி-டாக் நிறுவனத்தார் இந்திய மொழிகளைக் கருதி உருவாக்கியது அது. நாம் அறிந்த வீடுகளில் அதைத் திறந்து பார்த்தவர் இலர். திறந்து காட்ட அருகில் ஆள் இல்லாமையே காரணம். பிள்ளைகளின் குறை அன்று.

எனினும் இவையெல்லாம் பெற்றோரின் கேள்விக்கு முழு விடை ஆகா என்பதை நாமும் உணர்ந்தோம். ஆகவே ஒரு கணினியில் மட்டும், இணைய இணைப்பைத் துண்டித்து, பழைய விண்டோஸையும் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு மாணவரும் மாதம் ஒருமுறை அதிலும் அமர்ந்து அதே வேலையைச் செய்து காட்ட வேண்டும். சான்றுக் கோப்புறைக்குள் போ, ஒரு கட்டு வெளியே வா, பெயரை மாற்று, பென்டிரைவுக்குப் படியெடு என்பதே பயிற்சி. இரு வீட்டிலும் வழி தெரிந்தவர்களாக அவர்கள் வெளியே செல்வதையே விரும்புகிறோம்.

அந்த மாணவிக்கு உதவித்தொகை கிடைத்ததா என்று அறிய விரும்புவீர்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகச் செய்தி வந்துவிட்டது. தொகை இவ்வுரை எழுதும் நாள்வரை அவர் கணக்குக்கு வந்து சேரவில்லை. ஞாயிறுதோறும் அவர் இப்போது நம் பள்ளியில் சிறுவர்க்குப் பாடம் சொல்லித் தருகிறார். இரண்டு 'ஸ்கேன்' கோப்புறைகளுள் வெறுமையாக இருந்ததை அழிக்கவேண்டா என்று கேட்டுக்கொண்டவரும் அவரே; புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் திறந்து காட்டுகிறார்.

விழா முடிந்த பின்னர்ப் பின்னறையில் ஆறு கணினிகளும் திறந்திருக்கும். விரும்பும் தாய்மார்களும் பெரியோர்களும் வந்து அமர்ந்து பார்க்கலாம். சுட்டி இரண்டே உள்ளன, மற்றவர்க்கு விசைப்பலகைதான்.